டாக்டர் பரீட்சையில் நான்தான் கேள்வித்தாள்

இன்சூரன்ஸ் உலகம்மாள் குடித்துக் குடித்து இப்போது மறுவாழ்வு மையத்தில் கிடக்கிறாளாம் என்று போன குற்றாலச் சீசனில் வடகரையில் ஒரு பேச்சு ஓடியது. ஓடவிட்டது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அவரும் என்னிடம் பாலிசி எடுத்தவர். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒருவர் போன் போட்டு, "அண்ணாச்சி, நீங்க காப்பி கூடக் குடிக்க மாட்டியளே, வீட்டுல அவங்களுக்கு எப்படி இந்தப் பழக்கம் வந்துச்சு?" என்று துக்கம் விசாரித்திருக்கிறார். மனிதர் பாவம், வயலில் நின்றபடியே வெகுநேரம் விளக்கம் சொல்லியிருக்கிறார். மறுவாழ்வு என்றால் குடியை விடவைக்கிற இடம் என்றுதான் நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைப்பு. கை கால் விழுந்தவர்களை மறுபடி நடமாட வைப்பதற்கென்றே ஒரு மருத்துவம் இருக்கிறது, அதற்கென்று டாக்டர்கள் மேல்படிப்புப் படிக்கிறார்கள், ஆராய்ச்சி செய்கிறார்கள் என்பது எனக்கே அங்கே போய்ப் படுத்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தையும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வடகரை, செங்கோட்டை, குற்றாலம் என்று ஸ்கூட்டியில் சுற்றிப் பாலிசி பிடிப்பது என் பிழைப்பு. "நாளைக்கே கை கால் வராமப் போச்சுன்னா குடும்பம் என்ன செய்யும், யோசிச்சுப் பாத்தியளா?" என்று எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பே உண்டு. எனக்கு அது வந்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. பார்த்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

ஒரு கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வந்து, அது நின்றும் போயிருந்தது. ஒரு நாள் காலையில் செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு ஒருவர் வீட்டு வாசல் வரை போய்விட்டேன். மத்தியானம் ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போட முடியவில்லை. சாயங்காலம் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. "வெயில்ல அலையாத அலையாதன்னு சொன்னா கேக்கியா" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் கையும் கேட்கவில்லை, சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கார் பிடித்தார்.

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். கை காலில் சின்னச் சின்னதாக ஷாக் வைத்து, நரம்பு வழியாகச் சேதி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார்கள். கடைசியில் குய்லன் பாரே என்று ஒரு பெயர் சொன்னார்கள். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். உடம்புக்குள் வந்த கிருமியை விரட்டப் புறப்பட்ட நம் சொந்தப் படை, கிருமி போன பிறகும் அடங்காமல், நரம்பைப் போட்டு அடிக்கிறது. கரண்ட் ஒயர் மேலே இருக்கிற ரப்பரை எலி கடித்துவிட்டால் எப்படியோ அப்படி. காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சு வரை ஏறினால் மூச்சு நின்றுவிடும். அதனால் ஒரு டாக்டர் அடிக்கடி வந்து, ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று ஒன்று, இரண்டு சொல்லச் சொல்வார். பேசியே பிழைத்தவள் நான், இருபது வருவதற்குள் இளைத்தது. அப்போது பயந்த மாதிரி என் ஆயுசில் பயந்ததில்லை. நல்லவேளை, மூச்சுக்கு மிஷின் வைக்கிற அளவுக்குப் போகாமல், நரம்பு வழியாக ஏற்றிய மருந்தில் நோய் நின்றது. பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள். ஊருக்கெல்லாம் பாலிசி விற்றவள் தனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தாள், அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

நோய் நின்றுவிட்டதே தவிர, போன பலம் வரவில்லை. கழுத்துக்குக் கீழே எல்லாம் துவண்டு கிடந்தது. "இனி மருந்துக்கு வேல இல்ல, பழக்குறதுதான் வேல" என்று சொல்லி, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் ஒரு மறுவாழ்வு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே உடல் மறுவாழ்வு மருத்துவம் படிக்கிற டாக்டர்களும், தெரபி படிக்கிற பிள்ளைகளும் எந்நேரமும் வார்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு முட்டியைத் தட்டிப் பார்க்க ஆறு பேர் வருவார்கள்.

இடம் அருவிக்குப் போகிற வழியில் இருந்தது எனக்கு ஒரு சோதனை. சாரல் தொடங்கியதும் சொந்தபந்தம் எல்லாம் குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டது. போகிற போக்கில் என்னையும் பார்த்துவிட வேண்டும் அல்லவா. தலையில் ஈரத் துண்டோடு, எண்ணெய் வாசனையோடு, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். "மெயின் அருவில இன்னைக்கு என்னா தண்ணிங்கிய" என்று ஒருத்தர் சொல்வார். "உலகம்மாள அப்படியே தூக்கிட்டுப் போயி அருவில காமிச்சா நரம்பு முறுக்கேறிரும்" என்று இன்னொருத்தர் சொல்வார். பலமில்லாத தோள் மேல் அந்தத் தண்ணீர் விழுந்தால் மூட்டே இறங்கிவிடும் என்று டாக்டர்கள் சொன்னதை எடுத்துச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. வாய் மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது, அதற்கும் இந்தக் கதி.

மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளால் வந்து தங்க முடியாது. பெண்கள் வார்டில் ஆம்பளைகளைத் தங்கவிடவும் மாட்டார்கள். அதனால் என் அண்ணன் மனைவி கோமதி மைனி தன் வீட்டை அண்ணன் தலையில் கட்டிவிட்டு எனக்குத் துணையாக வந்து இருந்தாள். எனக்குச் சோறு ஊட்டியது, தலை சீவியது, திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் அவள்தான். மலசலத்துக்குக் கட்டிலில் தட்டு வைத்ததும் அவள்தான், கழுவிவிட்டதும் அவள்தான். கொஞ்சம் உட்காரப் பழகிய பிறகு, நடுவில் ஓட்டை போட்ட சக்கர நாற்காலியில் ஏற்றிப் பாத்ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. கூடவே கதை சொல்வாள், அவள் ஊர்க் கல்யாணத்தில் யார் யாரோடு பேசவில்லை என்பது வரைக்கும்.

அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யார் துணையும் இல்லாமல் பாத்ரூமுக்குப் போய்வர வேண்டும். வாழ்நாளெல்லாம் இப்படியே ஆகிவிடுமோ என்ற நினைப்புதான் என்னைத் தின்றது. நடக்க முடியாவிட்டால் போகிறது, ஸ்கூட்டி ஓட்டாவிட்டால் போகிறது. ஆனால் நம் ஊர்ப் பெண் இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னால் மைனிக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடாதா? நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன், தண்ணீரைக் குறைத்தேன். மைனி டம்ளரை வாயில் வைத்தால் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போதும் என்பேன். சாயங்காலத்துக்கு மேல் தொண்டை காய்ந்தாலும் வாய் திறக்க மாட்டேன். ராத்திரி அவளை எழுப்பாமல் இருந்துவிட்டால் அன்றைக்கு ஜெயித்த மாதிரி.

அங்கே படித்துக்கொண்டிருந்த டாக்டர்களில் நிவேதா என்கிற பெண்ணின் பொறுப்பில் நான் இருந்தேன். சென்னைப் பக்கத்துப் பெண், சிரித்த முகம். நோயாளிக்கு உண்மையில் என்ன தேவை, சிகிச்சை அதை நோக்கிப் போகிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இந்த மருத்துவத்தில் அதுதான் முதல் கேள்வியாம். மற்ற டாக்டர்கள் என்ன நோய் என்று கேட்பார்கள், இவர்கள் என்ன செய்ய ஆசை என்று கேட்பார்கள். வந்த புதிதில் ஒரு நாள் என்னையும் கேட்டாள்.

"அம்மா, நீங்க மறுபடி என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க? உங்களுக்கு ரொம்ப முக்கியமான ஒண்ணு சொல்லுங்க."

கட்டிலுக்கு ஒரு பக்கம் வீட்டுக்காரர். மறுபக்கம் மைனி. காலடியில் தெரபி படிக்கிற பையன்கள் நாலு பேர்.

"தென்காசிக் கோயில்ல அம்மனுக்கு முன்னால நடந்துபோய் நிக்கணும் டாக்டர்" என்றேன்.

வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிவேதா எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குக் கோயில் பயிற்சி. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி நடை பழக்கினார்கள். ஒரு எட்டு வைத்தால் பையன்கள் கைதட்டுவார்கள். "கோயில் வந்துட்டே இருக்கும்மா" என்பார்கள். அம்மன் கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு ஒவ்வொரு எட்டுக்கும் அந்தப் பாத்ரூம் கதவுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. நடுக்கம், அடிவயிற்றில் வலி. சிறுநீரில் கிருமி என்றார்கள். மாத்திரையில் சரியாகி, மறுபடியும் வந்தது. ஏறியிருந்த கொஞ்சம் பலமும் இறங்கிப் படுக்கையோடு போனேன். எதனால் திரும்பத் திரும்ப வருகிறது என்று நிவேதா மண்டையை உடைத்துக்கொண்டாள். "தண்ணி நல்லா குடிக்கிறாங்களா?" என்று மைனியைக் கேட்டாள். "நா குடுக்கத்தான் செய்யுதேன்" என்றாள் மைனி. அவள் சொன்னதும் பொய் இல்லை. நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன்.

காய்ச்சல் விட்டு நான் மறுபடி உட்காரத் தொடங்கியபோது அவர்களுக்கு மாதிரிப் பரீட்சை வந்தது. டாக்டர் மேல்படிப்பில் பரீட்சை என்றால் பேப்பரில் எழுதுவது மட்டும் இல்லை. ஒரு நோயாளியைக் கொடுத்துவிடுவார்கள். தனியாக உட்கார்ந்து பேசி, உடம்பைச் சோதித்து, என்ன நோய், என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நிவேதாவுக்கு என்னைத் தெரியும் என்பதால், வேறு ஆஸ்பத்திரியில் படிக்கிற அருண் என்கிற பையனுக்கு நான் கேள்வித்தாள்.

மைனிக்கு ஏக குஷி. எனக்குச் சுங்குடிச் சேலை சுற்றி, பவுடர் போட்டு, பூ வைத்துவிட்டாள். "ஏட்டி, பரிச்சைக்குப் போறவ சும்மாவா போவா" என்றாள். நிவேதா வந்து, "நோய் பேரை மட்டும் சொல்லக் கூடாதும்மா. மத்தபடி அவர் எது கேட்டாலும் மறைக்காம சொல்லணும். நீங்க சொல்றதை வச்சுத்தான் அவருக்கு மார்க்கு" என்றாள். மைனியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என் கட்டிலைச் சுற்றித் துணித் தடுப்பை இழுத்தார்கள்.

அருண் உள்ளே வரும்போதே சட்டை நனைந்திருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஏஜெண்டு புத்தி, எப்படியாவது இந்தப் பையனுக்குக் காரியத்தை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. "கால்ல இருந்து மேல மேல ஏறிச்சு தம்பி. ஏறிச்சுன்னு நல்லா எழுதிக்கோங்க" என்றேன். சிரித்துவிட்டான். முட்டியைத் தட்டினான், விரலை மடக்கச் சொன்னான், எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் என்ன ஆசை என்று கேட்டான். கோயில் என்றேன். எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனவன் நிறுத்தினான்.

"நேத்து ஒரு நாள் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்கம்மா. கண்ணு முழிச்சதுல இருந்து. எதெது நீங்களே செஞ்சீங்க, எதெதுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு?"

"முழிச்சேன். மைனி காப்பி குடுத்தாங்க."

"காப்பிக்கு முன்னாடி?"

நான் துணித் தடுப்பைப் பார்த்தேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், ஆனால் அவசரப்படுத்தவில்லை. மறைத்தால் இந்தப் பிள்ளைக்கு மார்க்குப் போய்விடுமே என்று ஒரு பக்கம். முன்பின் தெரியாதவன், இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று ஒரு தைரியம் இன்னொரு பக்கம். சொல்லிவிட்டேன். தட்டு, நாற்காலி, மைனி, கழுவிவிடுவது, நான் தண்ணீரைக் குறைத்தது, ராத்திரி தாகத்தோடு படுப்பது எல்லாம். கோயிலுக்கு அவர்கள் தூக்கிக்கொண்டு போனாலும் போகட்டும், இது ஒன்றுக்கு மட்டும் நான் தனியாகப் போக வேண்டும் என்றேன். மகன் வயதுப் பையன் முன்னால் வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து கல் இறங்கின மாதிரியும் இருந்தது. அவன் தலையை நிமிர்த்தாமல் எழுதினான். "தேங்க்ஸ்மா" என்று மட்டும் சொன்னான்.

அப்புறம் பெரியவர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அருண் இங்கிலீஷில் படபடவென்று சொல்லிக்கொண்டே போனான். எனக்குப் புரிந்தது டாய்லெட் என்கிற ஒரு வார்த்தைதான், அது இரண்டு மூன்று தடவை வந்தது. நிவேதாவின் முகம் வெளுத்தது. துறைத் தலைவி ஒரு அம்மா, நாகர்கோவில்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். என் பக்கம் குனிந்து, "தண்ணிய வேணும்னேதான் குறைச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இவங்க மறைச்சாங்கன்னு யாரும் எழுதாதீங்க. வீட்டுக்காரரையும் உறவையும் பக்கத்துல நிக்க வச்சுக் கேட்டா, கோயில்னுதான் சொல்லுவாங்க. நானா இருந்தாலும் கோயில்னுதான் சொல்லியிருப்பேன். கேட்ட விதம் சரியில்ல."

நிவேதா அன்றே தன் ஆராய்ச்சியில் கேட்கிற முறையை மாற்றினாள். முன்பு கேட்டவர்களிடமும் உறவுக்காரர்களை அனுப்பிவிட்டுத் தனியாக மறுபடி கேட்டாள். ஆண்கள் வார்டில் பேரனோடு விளையாட வேண்டும் என்று சொல்லியிருந்த ஒருவர், தன் கையால் சவரம் செய்துகொள்ள வேண்டும், அதற்கப்புறம் பேரன் என்று சொன்னாராம். என்னிடம் வந்து, "ஸாரிம்மா, நான்தான் சரியா கேக்கல" என்றாள். அந்தப் படிப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் என்னால் ஒரு பிள்ளைக்கு ஏதோ விளங்கியதே என்று பெருமையாக இருந்தது.

துணித் தடுப்புக்கு வெளியே நின்ற மைனி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. கதை சொல்லாமல் வேலையை மட்டும் செய்தாள். விளக்குப் போடுகிற நேரத்துக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நா என்னைக்காவது மூக்கச் சுழிச்சனா உலகு?"

"இல்ல மைனி."

"பெறகு எதுக்கு தண்ணியில்லாம கெடந்த? நா என்ன அந்நியமா?"

"நீங்க சுழிக்கலைங்கதுதான் மைனி எனக்குக் கஷ்டமா இருக்கு. சுழிச்சிருந்தியன்னா சண்டையாவது போட்டிருப்பேன்."

மைனி எழுந்து போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடி. எத்தன தடவ வேணும்னாலும் கூப்பிடு. ஆனா சீக்கிரம் படிச்சுக்கோ, எனக்கும் அங்கன வீட்டுல வேல கெடக்கு" என்றாள். நான் மொத்தத்தையும் குடித்தேன். அப்படி ஒரு தண்ணீரை அதற்கு முன்னாலும் பின்னாலும் குடித்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பாத்ரூம் பயிற்சி. பாத்திமா என்று ஒரு தெரபிஸ்ட், குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குவது அவளுடைய படிப்பு. சின்ன வயதில் தானாக வந்துவிட்ட ஒரு காரியத்துக்குள் இத்தனை வேலை இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. எழுவது ஒன்று, திரும்புவது ஒன்று, கம்பியைப் பிடித்தபடி மறு கையால் துணியை ஏற்றுவது ஒன்று. நடையைவிட இந்தத் துணிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சேலையைத் தள்ளிவிட்டு நைட்டிக்கு மாறினேன். விரலில் பலம் வர வேண்டும் என்று கழுவிக்கொள்கிற கைக்குழாயை அமுக்கி அமுக்கிப் பழகினேன், முதல் தடவை பாத்திமாவின் முகத்திலேயே பீய்ச்சிவிட்டேன். "இன்னும் கொஞ்சம் பழகணும்க்கா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரேயடியாகச் செய்யவும் விட மாட்டாள். இந்த நோயில் நரம்பைக் களைக்கவிட்டாலும் கெடுதல் என்று பாதியில் உட்கார வைத்துவிடுவாள்.

நான் ஆஸ்பத்திரியில் பழகப் பழக, வீட்டுக்காரர் வடகரையில் கொத்தனாரை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். புறவாசலில் இருந்த கக்கூசில் படியை இடித்துச் சமமாக்கி, உட்காருகிற கோப்பை வைத்து, சுவரில் கம்பி பதித்திருந்தார். நான் வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்படியில் கம்பி, நடைகூடத்தில் கம்பி, தேங்காய் போட்டு வைக்கிற அறையிலும் கம்பி. "இங்கன எதுக்கு?" என்றேன். "எங்கன விழணும்னு தோணுதோ அங்கன பிடிச்சுக்கோ" என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்த மனிதர், எனக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்ததில்லை. கம்பியாக வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பெருமைக்குச் சொல்லவில்லை, இன்றைக்கு நான் ஊன்றுகோலோடு நடக்கிறேன். பாதம் இன்னும் கொஞ்சம் மதமதப்பாகத்தான் இருக்கிறது. ஸ்கூட்டி வராந்தாவில் நிற்கிறது. கோயிலுக்கும் போனேன், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் முட்டியைத் தட்டிப் படித்த பிள்ளைகள் எங்கெங்கோ டாக்டராக இருப்பார்கள். அவர்கள் கையில் விழுகிற யாரோ ஒருத்தியிடம், காப்பிக்கு முன்னாடி என்ன நடந்தது என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் பாத்ரூம் கதவை ஒருக்களித்துத்தான் வைக்க வேண்டும், வெளியே ஆள் நிற்க வேண்டும் என்பது பாத்திமா போட்ட சட்டம். விழுந்துவிட்டால் என்ன செய்வது. மைனி இன்னும் தன் வீட்டுக்குப் போகாமல் எனக்காக வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஐப்பசியில் மறுபரிசோதனைக்குப் போனபோது பாத்திமா என்னை உட்கார வைத்து, எழுப்பி, திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே கதவைச் சாத்திக்கலாம்க்கா" என்றாள்.

மறுநாள் காலையில் போனேன். மைனி பின்னாலேயே வந்தாள். உள்ளே போய்த் திரும்பி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். உட்கார்ந்தேன். வெளியே சத்தமே இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. இத்தனை மாதமாக அழவில்லை. அழுதால் வீட்டுக்காரர் உடைந்துவிடுவார், மைனி பதறிவிடுவாள், நிவேதா ஓடி வந்து எங்கே வலிக்கிறது என்று கேட்பாள். யாரும் பார்க்காமல் அழ எனக்கு ஒரு இடம் இல்லாமல் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தீருகிற மட்டும் அழுதேன்.

"ஏட்டி உலகு, என்ன இவ்வளவு நேரம்? ஒண்ணுமில்லையே?" என்று மைனி கதவைத் தட்டினாள். அவள் குரலும் சரியாக இல்லை.

"உள்ள ஆள் இருக்கு மைனி" என்றேன்.